முடங்கிய முயல் காட்டிய வழி

கேள்வி: மனச்சிதைவு நோய்க்குப் புது வகை மருந்து வந்துவிட்டதாமே, உண்மையா?
– வாசகர், பேராதனை

பதில்: உண்மைதான். ஆனால் கதை தொடங்குவது ஒரு பழைய வேரில்! இலங்கையிலும் வளரும் சர்ப்பகந்தா வேரை, 1931இல் கல்கத்தா வைத்தியர்கள் சென்னும் போஸும் மனநோய்க்குப் பயன்படுத்திப் பலன் கண்டார்கள். அந்த வேரிலிருந்து எடுத்த ரெசர்பினை முயல்களுக்கு ஏற்றினார் சுவீடன் விஞ்ஞானி கார்ல்சன். முயல்கள் காது தொங்கி, அசையாமல் முடங்கின. 1957இல், உடலில் டோபமைனாக மாறும் எல்-டோபாவைக் கொடுத்ததும் எழுந்து நடமாடின! மூளையில் செய்தி கடத்தும் டோபமைனின் வேலை புரிந்தது. 2000இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது.

மனச்சிதைவுக்கான வழக்கமான மருந்துகள் இந்த டோபமைனை அடக்குபவை. கைநடுக்கம், எடை கூடுதல் என்று தொல்லைகளும் உண்டு. 2024 செப்டெம்பரில் அமெரிக்கா அனுமதித்த சனோமெலின்-டிரோஸ்பியம் கூட்டு மருந்தோ மூளையின் மஸ்கரினிக் ஏற்பிகள் வழியே வேலை செய்கிறது. இதிலும் குமட்டல், மலச்சிக்கல் வரலாம்.

புதியதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். பழைய மருந்துகளாலேயே நிம்மதியாக வாழ்பவர்கள் ஏராளம். பேராதனை போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவசரமென்றால் 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள்.