திறந்த பெட்டியை மூடும் கலை

1925-இல் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி காரின் முதுகில் ஒரு திறந்த இரும்புப் பெட்டியைப் பொருத்தி 281 டாலருக்கு விற்றது. அன்று முதல் அமெரிக்கர்கள் பெட்டி திறந்திருக்கிறது என்பதற்காகவே பிக்கப் வண்டி வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு அதை மூடும் வேலையில் இறங்கிவிடுகிறார்கள்.

மேலே ஒரு மூடி போட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர் கற்றுக்குட்டி. பின்கதவின் கீழே, கீல் ஓரத்தில் இருக்கும் சந்து அவர் கண்ணில் இன்னும் படவில்லை. வண்டி ஓடும்போது பின்புறம் காற்றழுத்தம் குறையும்; அங்கே சுழலும் மண்சாலைப் புழுதி அந்தச் சந்து வழியாக அழைக்காத விருந்தாளியாக உள்ளே வரும். மழைத் தண்ணீரும் அதே வழிதான்.

ஆகவே ரப்பர் பட்டை. ஒட்டுமுன் இரும்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். வீட்டுச் சாப்பாட்டு மேசையை ஒருநாளும் துடைத்தறியாத மனிதர் இதை மூன்று முறை துடைப்பார். அப்புறம் பரிசோதனை. கணவர் டார்ச்சோடு பெட்டிக்குள் படுத்துக்கொள்வார். மனைவி தோட்டக் குழாயைத் திருப்பிப் பீய்ச்சுவார். “இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்!” என்று உள்ளிருந்து குரல் வரும். குழாயை நிறுத்த அந்த அம்மாளுக்கு அவசரம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

தீவிர பக்தர்கள் இத்தோடு நிற்பதில்லை. மூலை முடுக்கெல்லாம் சிலிக்கோன் பூசி, தண்ணீர் வடிய நிறுவனமே வைத்த துளைகளையும் அடைத்துவிடுவார்கள். மூடியின் ஓரமாகக் கசிந்த மழை இப்போது வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்கும். அடுத்த ஞாயிறு டிரில்லிங் மெஷினோடு அடியில் ஓட்டை போடக் கிளம்புவார்கள்.