மிச்சம் பிடிக்க அனுமதி கோரி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
பழைய போன் வாங்க ஆசைப்படும் குடிமகன்,
சென்னை.

பெறுநர்:
செயலர் அவர்கள்,
நுகர்வோர் விவகாரத் துறை,
கிருஷி பவன், புது தில்லி.

பொருள்: புதுப்பித்த கைப்பேசி வாங்கிப் பணம் மிச்சப்படுத்த அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் துறை அமைத்த குழுக்கள், 2022 மற்றும் 2024.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

கல்லூரிக்குப் போகும் மகளுக்கு ஒரு போன் வாங்க வேண்டியிருக்கிறது. புதுசு 25,000 ரூபாய். அதே மாடல், வேறு யாரோ ஒன்றரை வருஷம் தேய்த்துவிட்டுக் கொடுத்தது, துடைத்து, புதுப் பெட்டிக்குள் வைத்து, 14,000 ரூபாய். வித்தியாசம் 11,000. பஸ் கட்டணமும் புத்தகச் செலவும் அதில் அடங்கிவிடும். எனவே புதுப்பித்த போனே போதும் என்று எங்கள் வீட்டில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மகள் மட்டும் வெளிநடப்புச் செய்தாள். அது தீர்மானத்தைப் பாதிக்காது என்று அவைத் தலைவியான என் மனைவி தீர்ப்பளித்துவிட்டார்.

கடை கடையாக ஏறி இறங்கிய பிறகுதான் ஒன்று விளங்கியது. இந்த நாட்டில் புதுப் போன் வாங்கப் பணம் இருந்தால் போதும். பழைய போன் வாங்கத் தகுதி வேண்டும். என்னென்ன தகுதி என்று கீழே விவரித்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை எனக்கு இல்லாததால் தங்கள் மேலான தலையீட்டைக் கோருகிறேன்.

முதல் தகுதி, போலீஸ் மூளை. கடைக்காரர் நீட்டும் போனில் *#06# அழுத்தி, 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். கறுப்புப் பட்டியலில் உள்ள போன் என்றோ, இதே எண்ணில் இன்னொரு போன் இருக்கிறது என்றோ பதில் வந்தால், சத்தம் போடாமல் கடையை விட்டு இறங்கிவிட வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம். ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் திருத்துகிறவருக்கு 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 3 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. இதில் கிண்டலுக்கு இடமில்லை; உருப்படியான ஏற்பாடு. பில்லில் அந்த எண்ணை எழுதித் தரச் சொன்னால் சில கடைக்காரர்கள் முகம் வாடுவதிலிருந்தே அதன் அருமை தெரிகிறது.

ஆனால் ஐயா, இது திருட்டுப் போனா என்று அரசாங்கம் எனக்குச் சொல்லிவிடுகிறது. இது சாகப்போகிற போனா என்றுதான் சொல்ல ஆளில்லை.

ஆகவே இரண்டாவது தகுதி, வைத்தியம். பேட்டரி ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்ளளவை இழக்கும். எத்தனை சுற்று ஓடியிருக்கிறது, எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்பதைச் சில போன்கள் செட்டிங்ஸில் காட்டும். பல போன்கள் வாயே திறக்காது. கடைக்காரரைக் கேட்டால், “பேட்டரி பக்கா சார்” என்கிறார். பக்கா என்பது எத்தனை சதவீதம் என்று எந்த அரசிதழிலும் காணோம்.

தரம் பிரித்துத்தான் விற்கிறார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு கடையில் ஏ கிரேடு, பி கிரேடு. இன்னொன்றில் குட், வெரி குட், சூப்பர்ப். ஒரு கடையின் பி, பக்கத்துக் கடைக்குப் போனால் ஏ ஆகிவிடுகிறது. படி ஏறி இறங்குவதற்குள் பதவி உயர்வு. எல்லாக் கடையிலும் கிரேடு பெரும்பாலும் கீறலைப் பார்த்துத்தான். முகத்தில் தழும்பு இல்லையென்றால் முதல் வகுப்பு. நெஞ்சுக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்கும் வழக்கம் கல்யாணச் சந்தையைப் போலவே இங்கும் குறைவு.

மூன்றாவது தகுதி, கொஞ்சம் புவியியல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களுக்கு விதி போட்டிருக்கிறார்கள். 800 சுற்று சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதமாவது கொள்ளளவு மிஞ்ச வேண்டும். அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுக்கு முக்கியமான உதிரிபாகம் கிடைக்க வேண்டும், குறைந்தது 5 ஆண்டுக்கு மென்பொருள் அப்டேட் தர வேண்டும். நம் ஊர் ஸ்ரீபெரும்புதூரில் நம் பிள்ளைகள் பூட்டி அனுப்பும் போனுக்கு ஐரோப்பாவில் கப்பலைவிட்டு இறங்கியதும் இத்தனை உரிமைகள் முளைக்கின்றன. அதே போன் லாரியில் ஏறி ஐம்பது கிலோமீட்டருக்குள் சென்னை வந்தால் உத்தரவாத அட்டையோடு சரி. என் மகளின் போனை ஒரு முறை ரோட்டர்டாம் போய்வரச் செய்தால் அந்த உரிமைகள் ஒட்டிக்கொண்டு வருமா என்பதைத் தெளிவுபடுத்தக் கோருகிறேன். போக்குவரத்துச் செலவை நானே ஏற்கிறேன்.

இந்தச் சந்தேகங்களோடு சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை அகலமே உள்ள கடை. யாரோ ஒருவரின் போனைச் சூடான தட்டில் வைத்திருந்தார் ஒரு தம்பி. பசை இளகியதும் எடுத்து, பின்பக்கத்தில் ரப்பர் உறிஞ்சியை ஒட்டி இழுத்து, விழுந்த இடுக்கில் கிட்டார் மீட்டுகிற பிளாஸ்டிக் வில்லையைச் செருகி ஓரமாக ஓட்டினார். மூடி முழுசாகக் கழன்று வந்தது. குனிந்து ஊதிவிட்டு உரிமையாளரிடம் சொன்னார்: “போர்டுல கை வெச்சதில்ல சார். ஸ்க்ரூ மேல ஒட்டின ஸ்டிக்கர் கூட அப்படியே இருக்கு. பேட்டரி மட்டும் உப்பியிருக்கு. மாத்துனா இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். ஆனா கம்பெனி பேட்டரி எங்க கைக்கு வராது. நான் போடறது காப்பி. செக்கிங் வாரண்டிதான் தருவேன்.”

ஒரு கடையிலும் கேட்காத உண்மையைப் படிக்கட்டுக்கு அடியில் இலவசமாகக் கேட்டேன். இந்த ஆளிடம் அசல் பாகத்தைக் காசுக்கு விற்க வேண்டும் என்று கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த ஒரு விதி இருந்தால், என் பிரச்சினை பாதி தீர்ந்தது. சில மாடல்களில் கதை இன்னும் கொடுமை. அதே கம்பெனியின் இன்னொரு போனிலிருந்து கழற்றிய அசல் டிஸ்ப்ளேயைப் பொருத்தினாலும், ‘அசலா என்று தெரியவில்லை’ என்று திரையில் எச்சரிக்கை வருகிறது. தன் பிள்ளையையே அடையாளம் தெரியாத அளவுக்குக் கம்பெனிக்கு ஞாபகமறதி.

நான்காவது தகுதி, வசதி. 2020 மார்ச் 14 அன்று கூடிய 39-வது ஜி.எஸ்.டி. கவுன்சிலில் கைப்பேசிக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதே கூட்டத்தில் விமானப் பழுதுபார்ப்புக்கான வரி 18-லிருந்து 5 ஆனது. பில் போட்டுச் செய்யும் போன் ரிப்பேருக்கு 18 சதவீதம். மகளுக்குப் போனுக்குப் பதில் விமானமாக வாங்கிக் கொடுத்தால் பராமரிப்பில் 13 சதவீதம் மிச்சம் என்று கணக்கு சொல்கிறது. நிறுத்த இடமில்லை என்பதால்தான் தயங்குகிறேன். வரி தங்கள் துறையின் வேலை அல்ல, தெரியும். வழியில் பார்த்தால் நிதி அமைச்சகத்திடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அரசு பழைய போனைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று நான் குறை சொல்ல மாட்டேன். 2016-இல் ஆப்பிள் நிறுவனம் வெளிநாட்டில் பயன்படுத்திய ஐபோன்களைக் கொண்டுவந்து இங்கே விற்க அனுமதி கேட்டது, அரசு மறுத்தது. ஊரான் குப்பை நம் வாசலில் சேரக்கூடாது என்ற கவலை நியாயம். ஆனால் நம் வீட்டுப் பழசு சீக்கிரம் குப்பைக்குப் போகாமல் பார்ப்பதுதானே அடுத்த படி? 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளில், போனைப் புதுப்பிப்பவர்களும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிய வேண்டும் என்றிருக்கிறது. படிக்கட்டுத் தம்பியிடம் பதிந்துவிட்டீர்களா என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

இனி தங்கள் துறைக்கு வருகிறேன். 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தீர்கள்; கைப்பேசியும் அதில் இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கென ஓர் இணையதளம் திறந்தீர்கள். 2024 செப்டம்பரில் இன்னொரு குழு. 2025 மே மாதம் அது அறிக்கை தந்தது: போனைக் கழற்றுவது எளிதா, பாகம் கிடைக்குமா, என்ன விலை, எத்தனை காலம் அப்டேட் என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் போட்டு, கடையிலும் இணைய விற்பனையிலும் காட்ட வேண்டும் என்று. அற்புதமான யோசனை. பிரான்ஸ் 2021 ஜனவரியிலேயே பத்துக்கு இத்தனை என்று ஒட்டத் தொடங்கிவிட்டது. முதல் குழு உட்கார்ந்ததற்கும் இரண்டாம் குழு எழுந்ததற்கும் இடையே, மலிவு விலைப் போன்கள் பல பிறந்து, விற்று, அப்டேட் நின்று, அலமாரிக்குள் போய்விட்டன. நான் ஏறிய கடைகளில் அந்த மதிப்பெண்ணை எங்கும் பார்க்கவில்லை. நுகர்வோரே விழித்திருங்கள் என்று வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இத்தனை வருஷமாகச் சொல்லிவருகிறீர்கள். நாங்கள் விழித்துத்தான் இருக்கிறோம். ஒட்டியிருக்கிற மதிப்பெண்ணைப் படிக்கத்தான் காத்திருக்கிறோம்.

எனவே பணிவுடன் கேட்பது நான்கு.

ஒன்று, புதுப்பித்து விற்கும் ஒவ்வொரு போனின் பெட்டியிலும் பேட்டரியின் மீதிக் கொள்ளளவையும் மாற்றிய பாகங்களின் பட்டியலையும் அச்சிட வேண்டும்.

இரண்டு, கிரேடு என்றால் நாடு முழுக்க ஒரே கிரேடாக இருக்க வேண்டும்; கீறலுக்கு ஒன்று, உள் உறுப்புக்கு ஒன்று.

மூன்று, அசல் உதிரிபாகத்தைத் தெருக்கடைக்காரரும் காசு கொடுத்து வாங்க முடிய வேண்டும்.

நான்கு, ஐ.எம்.இ.ஐ. எண்ணும் குறைந்தது ஆறு மாத உத்தரவாதமும் இல்லாத பில் செல்லாது என்று அறிவிக்க வேண்டும்.

இவற்றைப் பரிசீலிக்க மூன்றாவது குழு எதுவும் தேவையில்லை. இரண்டாவது குழுவின் அறிக்கையைச் சட்டமாக்கிப் பெட்டியில் ஒட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். அதுவரை, என்னைப்போல் பழைய போன் தேடும் எவரும் 14422-க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பாமல், பில் கேட்டு வாங்காமல் காசை நீட்ட வேண்டாம். ஏமாந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
11,000 ரூபாயை இன்னும் கையில் வைத்திருக்கும் நுகர்வோர்.