காமன் பொட்டலில் ஓரமாக நிற்போர்: ஒரு பூர்வாங்க ஆய்வு

கலைக்கூடம் என்றால் கூரை வேண்டும், கதவு வேண்டும், செருப்பைக் கழற்றிப்போட வாசல் வேண்டும் என்பது பட்டணத்து மரபு. இவை எதுவுமில்லாத கலைக்கூடம் இலங்கையில் தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களில் உண்டு. அதற்குப் பெயர் காமன் பொட்டல். மற்ற மாதங்களில் அங்கே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், ஆடுகள் மேயும். மாசி அமாவாசை கழிந்து, சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டுவிட்டால் அதே மண் பள்ளிக்கூடம். அங்கே ஆட வருகிறவர்களைப் பற்றி அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். "சும்மா பார்க்க வந்தேன்" என்று ஓரமாக நிற்கிறவர்களே இவ்வாய்வின் பொருள்.

முதலில் சொல்லாராய்ச்சி, அது இல்லாவிட்டால் ஆய்வென்று யாரும் நம்பமாட்டார்கள். தோட்டத்து வீட்டு வரிசைக்கு லயம் என்று பெயர். லைன் என்ற ஆங்கிலச் சொல் திரிந்தது என்பார் ஒரு சாரார். குதிரை லாயம் குறுகியது என்பார் மறுசாரார். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு குடும்பம் படுத்தெழுவதைப் பார்த்தவர்கள் இரண்டாம் சாராரைச் சட்டென்று மறுக்கமாட்டார்கள். இசையிலும் ஒரு லயம் உண்டு. அதைச் சபாக்காரர்கள் காசு கொடுத்துக் கற்கிறார்கள். நம் பிள்ளைகள் அதற்குள்ளேயே பிறக்கிறார்கள்.

அடுத்தது காலம். மாசியில் இறப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும். பால் குறையும், பால் வெட்டுகிறவர்களின் உடம்புக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். காமன் எரிந்ததும் உயிர்த்ததும் இந்தப் பருவத்தில்தான் என்பதைப் புராணத்தின் கருணை என்பதா, இறப்பர் மரத்தின் பக்தி என்பதா? இவ்வாய்வாளர் மரத்தின் பக்கம் சாய்கிறார். ஆனால் கோப்பிக் காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இந்தக் கூத்தைச் சுமந்து வந்துவிட்டார்கள், இறப்பர் பிறகுதான் வந்தது என்பது இக்கோட்பாட்டுக்குச் சற்றே இடைஞ்சல். அதை இங்கேயே விட்டுவிடுவோம்.

வகுப்பு இரவில். கூத்துப் பழக்கும் மாஸ்டர் கையில் பிரம்பில்லை, குரல்தான். "டேய், ரதி அப்பிடியா நடப்பா? நீ கொழுந்துக்கூடை தூக்குறியா?" ரதி வேடம் கட்டும் பையனுக்கு மீசை அரும்பியிருக்கிறது. சிவன், எமன், வீரபத்திரன், ஓலை கொண்டுவரும் தூதன் என்று ஒவ்வொருவர் வரவுக்கும் தப்பு மேளத்தில் அடி மாறும். ஓரத்தில் நிற்பவர் கைகட்டி, சாயத்தண்ணி குடித்து, தமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்ற முகத்தோடு நிற்பார். காலைப் பாருங்கள்! எமனுக்கான அடி விழும்போது வலது குதிகால் தானே தரையைத் தட்டும். ஒருமுறை தூதனாக வேண்டியவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். பதினைந்து நாளும் வேலியோரம் பீடி குடித்துக்கொண்டிருந்த ஒருவர் சலங்கையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். ஓர் அடி பிசகவில்லை. கேட்டால், "நான் எங்கங்க படிச்சேன்?" என்றார்.

ஆகவே ஓரத்தில் நிற்பவர் பார்வையாளரா, மாணவரா? மராட்டியரோடு தஞ்சைக்கு வந்த லாவணிப் பாட்டில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் விடிய விடிய வாதாடும். இந்தக் கேள்வியிலும் கட்சி இரண்டு. மாணவரே என்பது என் கட்சி. அதைப் புள்ளிவிவரத்தோடு நிறுவ மூன்றாம் இயலை ஒதுக்கி, யார் குதிகால் எத்தனை முறை தட்டியது என்று ஒரு கொப்பியில் குறித்தும் வந்தேன்.

காமன் தகனத்தன்று மாலை இடிமழை. தப்பின் தோல் ஊறித் தொய்ந்துபோனது. தீயில் காய்ச்சினால்தான் சத்தம் எழும், வைக்கோலோ நனைந்திருந்தது. "எழுதிக்கிட்டே நிக்கிறீங்களே தம்பி, அதுல நாலு தாள கிழிங்க" என்றார் மாஸ்டர். நாலு போதவில்லை. தாளைக் கிழித்துக் கிழித்துத் தீயில் போட்டுக்கொண்டு, மற்றொரு கையால் தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தேன். சத்தம் கணீரென்று எழுந்தது. இக்கட்டுரையில் மூன்றாம் இயல் இல்லாததற்குக் காரணம் இதுவே.