பனிக்கட்டியின் விளக்கக் கடிதம்

அனுப்புநர்: பனிக்கட்டி, பூருவேசி ஏரி, பின்லாந்து.
பெறுநர்: உலகை நிர்வகிக்கும் உயர்திரு கனவான்கள்.
பொருள்: பணிக்குத் தாமதமாக வருதல், சொல்லாமல் கிளம்புதல் – விளக்கம் அளித்தல் – தொடர்பாக.

ஐயா,

குற்றச்சாட்டு உண்மைதான். நவம்பரிலேயே வந்து கையெழுத்துப் போட்டவன், இப்போது சில வருஷம் புத்தாண்டு கழித்துத்தான் தலைகாட்டுகிறேன். அப்போதும் நோஞ்சான் உடம்பு. என் முதுகில் துளையிட்டு, துளைக்குத் துளை அடிவழியே கயிற்றைக் கடத்தி, பெரிய இழுவலையால் சாண் நீளம்கூட இல்லாத முய்க்கு மீனை அள்ளியவர்கள், இன்று கடப்பாரையால் தட்டித் தட்டி என் கனம் பார்க்கிறார்கள். அந்த மீனின் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு இருக்கிறது. பெயருக்குக் காப்பு உண்டு. பிடிப்பவன் காலுக்கு அடியில்தான் இல்லை.

காரணம் கேட்டிருக்கிறீர்கள். வெண்ணெயை அடுப்பில் ஏற்றிவிட்டு, 'ஏன் உருகினாய்?' என்று குறிப்பாணை அனுப்பும் நிர்வாகம் உங்களுடையது.

அந்த அடுப்புக்கு எரிபொருள் போன ஓரிடத்தைச் சொல்கிறேன். என் நாட்டிலேயே, செல்கி கிராமத்துக்கு அருகே லின்னுன்சுவோ என்றொரு சதுப்பு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கரிமத்தைப் பூட்டிவைத்த பெட்டகம். அரசு பெரும்பங்கு வைத்திருந்த நிறுவனம் அதை உலர்த்தி, வெட்டி, பீட் என்று எரிக்க விற்றது. நிலக்கரியையே நல்லபிள்ளை ஆக்கும் எரிபொருள் அது! 2010-இல் அங்கிருந்து வழிந்த அமிலநீரில் யூகாயோக்கி ஆற்று மீன்கள் செத்து மிதந்தன. 2011-இல் மறுபடியும். முதலில் கண்டவர்கள் கிராமத்து மீனவர்கள். போராடி மூடவைத்தவர்களும் அவர்களே.

2017-இல் ஸ்னோசேஞ்ச் என்ற கூட்டுறவு அமைப்பு அந்த நிலத்தை வாங்கியது. நாசமான நிலத்துக்கும் விலை உண்டு, ஐயா. கொடுத்தது நாசம் செய்யாதவர்கள். வாய்க்கால்களை அடைத்து நீரைத் தேக்கினார்கள், பறவைகள் திரும்பின. நாடெங்கும் 62 இடங்களில், 86,000 ஏக்கரில் இந்த வேலை நடந்தது. 2023-இல் அந்தக் கூட்டுறவின் தலைவர் டெரோ முஸ்டோனெனுக்கு கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. அவரும் பனிமேல் வலை இழுத்த மீனவர்தான்.

நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்கள். 'என்னே தாங்குதிறன்!' என்றீர்கள். தடியைக் கீழே வைக்காமலே, அடிவாங்குபவனுக்குச் சூட்டும் பட்டம் அது. வாங்கியவன் துடைத்துக்கொண்டு நிற்கிறான். ஓங்கியவன் அவனோடு படம் எடுத்துக்கொள்கிறான்.

சதுப்பை அவர்கள் நனைத்துவிட்டார்கள். இனி எத்தனை சதுப்பை நனைத்தாலும், அடுப்பு எரிகிறவரை நான் நவம்பரில் வரப்போவதில்லை.

அடுத்த குறிப்பாணையை அடுப்புக்கு அனுப்புங்கள். முகவரி தேட வேண்டாம், உங்களுடையதுதான்.

இப்படிக்கு,
பனிக்கட்டி (தற்காலிகம்)