பல்லிடுக்கில் பட்டு நூல்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்காரர். சேலையில் கோர்வை தளர்ந்திருந்தால் நாலடி தள்ளி நின்றே சொல்லிவிடுவார். உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி ஒன்றையொன்று கோத்துப் பிடிக்கும் இடம் அது. அங்கே ஓர் இழை பிசகினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தம் பல்லும் ஈறும் சேரும் இடத்தை மட்டும் 40 வருடம் அவர் எட்டிப் பார்க்கவில்லை.

1979-ல் அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளியபோது, சிறுவனாக இருந்த அவரைப் பால்பல் பிடுங்க அழைத்துப் போனார்கள். பல் டாக்டரை அவர் அடுத்துப் பார்த்தது, வரதர் மறுபடி எழுந்தருளிய 2019-ல். வரதரும் இவரும் ஒரே பஞ்சாங்கம் வைத்திருப்பதாக வீட்டம்மாவுக்குச் சந்தேகம்.

காலையில் துப்பும்போது ரத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் தேய்த்தது ரோஸ் நிறப் பற்பொடி. எது பொடி, எது ரத்தம் என்று யார் பிரித்துப் பார்ப்பது? வெள்ளைப் பேஸ்ட்டுக்கு மாறியதும் குட்டு வெளிப்பட்டது. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்தார். ஆடி கழியட்டும் என்றார். முகூர்த்தச் சேலை முடியட்டும் என்றார். கடைசியில் கீழ்ப்பல் ஒன்று ஆடத் தொடங்கிய பிறகுதான் செருப்பை மாட்டினார்.

டாக்டர் மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு எண் சொல்லச் சொல்ல, நர்ஸ் எழுதிக்கொண்டார். “மூணு, ரெண்டு, மூணு.” கொஞ்சம் தள்ளி, “அஞ்சு, ஆறு, ஆறு.” மார்க் ஏற ஏறத் தறிக்காரருக்கு உள்ளூரப் பூரிப்பு. அது மில்லிமீட்டர் கணக்கு, மூன்றுக்கு மேல் போனால் பள்ளம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

பல்லில் படியும் கிருமிப் படலத்தைத் தேய்த்து எடுக்காவிட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தில் இறுகிக் காரை ஆகிவிடும். கரைக்கும் காரைக்கும் எழுத்தில் ஒரு கால்தான் வித்தியாசம். ஆனால் காரையைப் பிரஷ்ஷால் அசைக்க முடியாது. ஈறு வீங்கும் கட்டம்வரை திரும்பி வரலாம். 1965-ல் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளர் டென்மார்க்கில் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. துலக்க ஆரம்பித்ததும் அடங்கியது. அதைத் தாண்டிப் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்தால், போனது தானாக வளராது.

அதே லோவின் குழு 1970-ல் தொடங்கி, பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ இல்லாத இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் 480 பேரை 15 வருடம் கவனித்தது. 8 சதவீதத்தினருக்கு நோய் விரைந்து முற்றியது, 81 சதவீதத்தினருக்கு மிதமாக வளர்ந்தது, 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றது. டாக்டர் இதைச் சொல்லக் கேட்டதும் தறிக்காரர் தம்மை அந்தப் பதினொன்றில் சேர்த்துக்கொண்டார். டாக்டர் பேசாமல் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார்.

சர்க்கரைப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. மாமியார் மருமகள் மாதிரி.

சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று தெருவே பயமுறுத்தியது. உண்மையில் ஆடுகிற பல்லைக் காரைதான் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும். முட்டு போனதும் பழைய ஆட்டம் தெரியவரும். மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு தடவையில் வேர்வரை சுரண்டி எடுத்தார்கள். பிரஷ்ஷை ஈறோரம் சாய்த்துப் பிடிக்கவும் சொல்லிக்கொடுத்து, பல்லிடுக்கில் விட ஒரு நூலையும் கையில் கொடுத்தார்கள்.

நூல் என்றதும் தறிக்காரர் நிமிர்ந்தார். விரலில் உருட்டி, “பட்டு இல்லையே!” என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. 1819-லேயே நியூ ஆர்லியன்ஸின் லெவி ஸ்பியர் பார்ம்லி, மெழுகு பூசிய பட்டு நூலைப் பல்லிடுக்கில் விடச் சொல்லிப் புத்தகம் எழுதினார். நைலான் வந்தது 1940-களில்தான். ஊரெல்லாம் பட்டு நூல் ஓடும் காஞ்சிபுரத்தில் ஓர் இழைகூடப் பல்லிடுக்கில் போகவில்லை என்பது வேடிக்கைதான்.

அன்றிரவே மிச்சப் பாவிலிருந்து அரக்குப் பட்டு இழை ஒன்றை எடுத்து, நாடா விடுகிற பழக்கத்தில் இடமும் வலமும் இழுத்தார். ஈறு கீறிவிட்டது. வாய் சிவந்ததைப் பார்த்து வீட்டம்மா அலற, “சாயம் போகலை, பாரு! இது ரத்தம்தான்” என்றார் பெருமையாக. பல்லை அணைத்தபடி மேலும் கீழுமாக மெதுவாக விட வேண்டும் என்று மறுநாள் டாக்டர் மறுபடி காட்டினார், நைலானில்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது எண்கள் இறங்கியிருந்தன. ஒரே ஓர் ஐந்து மட்டும் பாக்கி. துணைக்கு வந்த மைத்துனர், “பீடி குடிச்சும் என் ஈறுல ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை” என்றார். புகை ரத்தக் குழாய்களைச் சுருக்கி, நோய் இருந்தாலும் ரத்தம் வராமல் மறைக்கும் என்று சொல்லிவிட்டு அவரையும் நாற்காலியில் உட்காரவைத்தார் டாக்டர்.

“ஆறு, ஆறு, ஏழு” என்றபடி கம்பி நகர்ந்தது.

வாய் பிளந்தபடியே மைத்துனர் விரலை நீட்டி எண்ணினார். கம்பி வெளியே வந்ததும் முதல் வார்த்தை: “பாத்தீங்களா மாமா, உங்களைவிட ஒண்ணு கூட!”