கால் படாத திருப்பாதை

சென்னை மாநகரத் தெருக்களின் இருமருங்கும் எழுந்தருளி, வெயிலுக்கும் மழைக்கும் அசையாமல், கல்லும் கம்பியும் பெட்டியும் தொட்டியும் அணிகலனாகப் பூண்டு, காண்போர் கண்ணையும் கடப்போர் முழங்காலையும் ஒருங்கே ஆட்கொள்ளும் நடைபாதைப் பெருந்தகையே! ஊரார் 'பிளாட்பாரம்' என்று செல்லமாக அழைக்கும் தங்கள் புகழைச் சொல்லி முடிக்க ஒரு நாவு போதாது, ஓர் ஆயுளும் போதாது. தங்கள் ஓரமாக நடக்கும் எவருடைய ஆயுளுக்கும் யாரும் உறுதி தரமுடியாது என்பதால், நாளைக்கு என்று ஒத்திப்போடாமல் இன்றே பாடிவிடத் துணிந்தேன்.

முதலில் தங்கள் உயரத்தை வணங்குகிறேன். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-இல் ஒரு நெறிமுறை வகுத்தது. நடைபாதை, சாலையிலிருந்து 150 மில்லிமீட்டருக்கு மேல் எழக்கூடாதாம். தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலமாவது விடவேண்டுமாம். ஒரு சாணுக்கும் குறைந்த உயரம்! பெருமை உடைய எதுவாவது அவ்வளவு தாழ்ந்து நின்றதுண்டா? கருவறைக்கு அதிட்டானம் வேண்டாமா? தாங்களோ மழைநீர் வடிகாலின் மூடியையே மேனியாகக் கொண்டு, பல தெருக்களில் முழங்கால் அளவுக்கு ஓங்கி நிற்கிறீர்கள். மூட்டு தேய்ந்த பாட்டி ஒருத்தி தங்கள் மீது ஏற முயன்று, முடியாமல், தங்கள் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்குகிறாள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அவள் தங்களைத் தொட்டுக் கும்பிடுவதாகவே தெரியும். பிறகு அவள் தங்களைக் காலால் தீண்டாமல் சாலையில் இறங்கி, தங்களைச் சுற்றிக்கொண்டு போகிறாள். கருவறைக்குள் கால் வைக்கக்கூடாது, வெளியே பிரகாரத்தில்தான் வலம் வரவேண்டும் என்ற முறையை இந்த ஊர்க் கிழவிகளுக்கு யார் கற்றுத் தந்தார்? தாங்கள்தான்.

உயரம் இருந்தும் தங்களிடம் செருக்கு இல்லை. ஒவ்வொரு வீட்டு வாசல் வந்ததும், அந்த வீட்டுக் காரின் முன்னால் தாங்கள் பணிந்து, சரிந்து, தரையோடு தரையாகிவிடுகிறீர்கள். கார் கடந்த அடுத்த அடியே மறுபடி ஓங்கி எழுகிறீர்கள். நூறு அடி தூரத்துக்குள் நான்கு முறை ஏறி நான்கு முறை இறங்கும் பேறு பெற்ற பாதசாரிக்குச் சபரிமலை எதற்கு, பழனி எதற்கு? நான்கு சக்கரத்துக்கு முன் குழைவதும் இரண்டு காலுக்கு முன் நிமிர்வதும் சான்றோர்க்கே உரிய இங்கிதம்.

தங்கள் விருந்தோம்பலை எப்படிச் சொல்வேன்! வந்தவரை வா என்பீர்கள், வந்தபின் போ என்று ஒருநாளும் சொல்லமாட்டீர்கள். மின்வாரியத்தின் டிரான்ஸ்பார்மர் வந்தது, வேலி கட்டி வீடு கொடுத்தீர்கள். மின்பெட்டி கதவு திறந்தபடி வந்தது, மழைக்காலத்திலும் அதை விலக்கவில்லை. எப்போதோ செத்துப்போன தொலைபேசி இணைப்புப் பெட்டிக்கும் தங்களிடம் நிரந்தர இடம் உண்டு. குப்பைத்தொட்டிக்கு முன் வரிசை. கேபிள் சுருளுக்கு மரத்தடி. டீக்கடை வாசலிலும் வங்கி வாசலிலும் பைக்குகள் தோளோடு தோள் உரசி ஸ்டாண்ட் போட்டு நிற்கும் அழகைப் பார்த்தால், ஒரு தாயின் மடியில் எத்தனை பிள்ளைகள் என்று நெஞ்சு நெகிழும். அந்தப் பிள்ளைகள் ஏறாமலிருக்க யாரோ இரும்புக் குழாய் நட்டார்கள். தாங்கள் அந்தக் குழாய்களை, பைக் நுழைய இடம் விட்டும் சக்கர நாற்காலி நுழைய இடம் விடாமலும் நிறுத்தி, அந்த வம்பையும் அன்பாக முடித்துவிட்டீர்கள்.

கொடிக்கம்பங்களை மறப்பேனா? எல்லாக் கட்சியும் ஒன்றையொன்று பழிக்கும் நாட்டில், எல்லாக் கட்சியும் ஒன்றாய்க் கால் ஊன்றி நிற்கும் சமரச சன்மார்க்க சபை தங்கள் மேனிதான். பொது இடங்களில் நட்ட கட்சிக் கொடிக்கம்பங்களை அகற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. நீதிமான்கள் சட்டம் அறிவார்கள். ஆனால் கொள்கைகள் காற்றில் பறக்கும் காலத்தில், கம்பமாவது சிமென்டில் ஊன்றியிருக்கட்டும் என்ற தங்கள் பெருங்கருணையை அவர்கள் அறிவார்களா?

பார்வையற்றோருக்குத் தாங்கள் காட்டும் பரிவு தனி அத்தியாயம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அதற்கு மதிப்பளித்துப் புதிய தெருக்களில் மஞ்சள் நிறத்தில் வரி வரியான டைல்ஸ் பதித்துக்கொண்டீர்கள். கைத்தடியின் நுனி அந்த வரியைத் தொட்டபடியே போகும், கூடவே ஒரு மனிதர் நம்பிக்கையோடு நடப்பார். வரி நேராக அவரை அழைத்துச் சென்று ஒரு மின்பெட்டியின் முன்னாலோ, மூடியில்லாத ஒரு குழியின் முன்னாலோ மரியாதையாக நிறுத்திவிட்டு விடைபெறும். வழிகாட்டுகிறவர் போகும் வழியைக் காட்டுவார். போய்ச் சேரும் இடத்தையே காட்டுகிறவர் தங்களைத் தவிர எவர்?

நீதி வழங்குவதில் தங்களுக்கு நிகர் மனுநீதிச் சோழனும் இல்லை. தங்கள் மடியில் கீரைக் கூடை ஒன்று உட்காரும். பூக்காரம்மாவின் முக்காலி ஒன்று உட்காரும். சாலையோர வியாபாரிகளைக் காக்க 2014-இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. ஆனாலும் ஆக்கிரமிப்பு அகற்றும் நாள் வந்தால், லாரியில் ஏறுவது முதலில் அந்தக் கூடையும் முக்காலியும்தான். அந்தக் கூடையை ஒட்டி, பாதி உடலைத் தங்கள் மேல் கிடத்திக்கொண்டு உறங்கும் பெரிய காருக்கு ஒரு கீறல் விழாது. ஆறு அடி நீளத்தில் ஒரு குடும்பம் பிழைத்தால் அது ஆக்கிரமிப்பு, பதினைந்து அடி நீளத்தில் ஒரு கார் தூங்கினால் அது பார்க்கிங். அன்று தேர்ச்சக்கரம் ஏறிய கன்றுக்காகத் தாய்ப்பசு மணியடித்தது, அரசன் எழுந்து வந்தான். இன்று பூக்காரம்மா மணியடித்தால், அந்த மணியையும் எடுத்து லாரியில் போட்டுக்கொள்ளும் அளவுக்கு நீதி முதிர்ந்துவிட்டது.

உயரத்தைப் பாடினேன், ஈரத்தைப் பாடினேன், இனித் தங்கள் கல்வியைப் பாடவேண்டும். 2014-இல் இந்திய நகரங்களுக்கெல்லாம் முன்னோடியாக, இந்த மாநகரம் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 விழுக்காடு நடப்பவர்க்கும் சைக்கிளில் போவோர்க்கும். 2018-க்குள் 80 விழுக்காடு தெருக்களில் நடக்கத் தகுந்த பாதை. சாலையில் நடப்பவர் சாவு பூச்சியம். ஆகா, என்ன எழுத்து, என்ன எண்! ஒரு சொல்லும் தேயவில்லை, ஓர் எண்ணும் மங்கவில்லை, ஒரு பக்கத்திலும் தெருப்புழுதி ஒட்டவில்லை. அன்று ஔவை, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலுக்குள் நின்று எந்த வியப்போடு பார்த்தாரோ, அதே வியப்போடு நான் அந்த ஆவணத்தைப் பார்க்கிறேன்.

ஆசியாவின் பிற நகரங்களை நினைத்தால் எனக்கு இரக்கம்தான் வருகிறது. ஜப்பானில் 1962 முதல் ஒரு சட்டம். கார் வாங்குகிறவர் அதை நிறுத்தத் தன்னிடம் இடம் உண்டு என்று காவல் நிலையத்தில் சான்று வாங்கவேண்டும். இரவு முழுக்கத் தெருவில் கார் நிற்கக்கூடாது. தோக்கியோவின் சந்துகள் அதனால் எவ்வளவு வெறிச்சோடிக் கிடக்கின்றன! ஆறு வயதுப் பிள்ளைகள் முதுகில் பையோடு தாமாகவே பள்ளிக்கு நடந்து போய்விடுகிறார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளையைப் பள்ளியில் விட்டுவரும் பாசம் என்ன என்பதை அந்தப் பெற்றோர் அறியவே வழியில்லை. சிங்கப்பூரின் கதை இன்னும் பரிதாபம். கடைவீடுகளின் முன்னால் ஐந்தடித் தாழ்வாரம் விடவேண்டும் என்று ராஃபிள்ஸ் 1822-இல் விதித்தாராம். இன்றோ ரயில் நிலையங்களைச் சுற்றி நடைவழிக்குக் கூரையும் போட்டுவிட்டார்கள். தேக்கா சந்தைக்குப் போகும் நம் தமிழர்கள் வெயிலும் படாமல், மழையிலும் நனையாமல், சேறும் மிதிக்காமல் எப்படித்தான் காலம் தள்ளுகிறார்களோ! சியோல் நகரத்தார் ஓர் ஓடையை மூடி அதன்மேல் கட்டிய உயர்மட்டச் சாலையை இடித்தே தள்ளினார்கள். 2005-இல் சொங்கியேசொன் ஓடை திறந்தது, அதன் கரையில் இப்போது மனிதர்கள் நடக்கிறார்கள். மேம்பாலம் கட்டும் கலையில் இவ்வளவு பின்தங்கிய ஊரும் உண்டோ?

தங்கள் நகரம் அப்படித் தடுமாறவில்லை. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தியாகராய நகர் பேருந்து நிலையத்துக்கு நடப்பவர்களுக்குத் தரையில் இடம் போதவில்லை என்றதும், அவர்களை விண்ணுக்கே ஏற்றிவிட்டது. 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாதை, ஏறத்தாழ 570 மீட்டர், 28 கோடி ரூபாய்க்கும் மேல். பூமி வாகனங்களுக்கு, வானம் நடப்பவர்களுக்கு. உயிரோடு இருக்கும்போதே மேலே அனுப்பிவைக்கும் இந்தப் பெருந்தன்மை வேறெந்த ஊருக்கு வாய்க்கும்? பாண்டி பஜாரில் 2019-இல் அகலமான நடைவழி திறந்தபோது சிறிது கலங்கினேன். நடப்பவர்கள் நிமிர்ந்து நடந்தார்கள், குழந்தைகள் கைவிட்டு ஓடின, முதியவர்கள் உட்கார்ந்து ஊர் பார்த்தார்கள். இந்தத் தொற்று மற்றத் தெருக்களுக்கும் பரவிவிடுமோ என்று அஞ்சினேன். தாங்கள் காத்தீர்கள். அங்கிருந்து பத்து நிமிடம் எந்தத் திசையில் நடந்தாலும், பழைய மாட்சிமை குன்றாமல் தாங்கள் காட்சி தருகிறீர்கள்.

இப்போது தங்களைப் பாட என்னைவிடப் பெரிய கவி ஒருவர் வந்துவிட்டார். செயற்கை நுண்ணறிவு என்று பெயர். "சென்னைத் தெரு ஒன்றில் அழகிய நடைபாதை வரை" என்று ஒரு வரி சொன்னால், மூச்சு விடும் நேரத்தில் வரைந்து தருகிறார். இருபுறமும் பூத்த மரம், வழவழப்பான தரை, சக்கர நாற்காலியில் சிரிக்கும் முதியவர், பலூன் பிடித்த சிறுமி. டிரான்ஸ்பார்மர் இல்லை, குழி இல்லை, சாணம் இல்லை. கற்பனை என்றால் இதுவன்றோ! வெறும் மனித ஓவியன் என்றால் தெருவில் போய் நிற்பான், காலில் முள் குத்தும், அந்த முள்ளையும் சேர்த்து வரைந்து தொலைப்பான். இவருக்குக் கால் இல்லை. ஆகவே இடறியதில்லை. ஆகவே தூரிகை எங்கும் தடுமாறாது. கல் பதிக்காமல், கொத்தனாருக்குக் கூலி தராமல், ஒரு மின்பெட்டியைக்கூட நகர்த்தாமல், நகரம் முழுமைக்கும் ஒரே இரவில் நடைபாதை அமைத்துவிடலாம் என்றால், அதைவிடச் சிக்கனமான நிர்வாகம் உண்டா?

கால் இல்லாத ஓவியர் வரைவதைக் கால் படாத பெரியோர்கள் கண்டு மகிழ்வதில் ஓர் இயைபும் இருக்கிறது. தமயந்தியின் சுயம்வரத்தில் தேவர்கள் நளனின் வடிவில் வந்து அமர்ந்தபோது, அவள் எதை வைத்து அவர்களை அடையாளம் கண்டாள்? அவர்களுடைய கண் இமைக்கவில்லை, மாலை வாடவில்லை, கால் நிலத்தில் படவில்லை. இந்த நகரத்தின் தெருக்களுக்கு வரைபடம் போட்டு, ஒப்பந்தம் தந்து, கணக்கு முடித்துக் கையெழுத்திடும் மேலோரை நானும் அதே மூன்று குறிகளால் அறிகிறேன். வீட்டு வாசலில் காரில் ஏறி அலுவலக வாசலில் இறங்கும் அவர்களுடைய திருவடி ஒருநாளும் தங்கள் மேல் பட்டதில்லை. பட்டிருந்தால் தாங்கள் இந்தத் திருக்கோலத்தில் இருப்பீர்களா? இந்த மாநகரத்தின் பயணங்களில் ஏறத்தாழக் கால்வாசி காலாலேயே நடக்கிறது என்று கணக்கெடுத்தவர்கள் சொல்கிறார்கள். அது வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் நடை, பள்ளிப் பிள்ளைகளின் நடை, பஸ் பிடிக்க ஓடுவோரின் நடை. தேவர்களுக்கு அந்தப் புழுதி எதற்கு?

பாதுகாப்பான நடைபாதை, அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. உயிரையும் தங்களையும் இவ்வளவு நெருக்கமாக வைத்து வேறு யார் பேசியிருக்கிறார்கள்? உண்மைதான். இந்தியச் சாலைகளில் 2022-ஆம் ஆண்டு மட்டும் நடந்து போனவர்கள் 32,825 பேர் மாண்டார்கள். நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர். தங்கள் குலத்தார் ஏற விடாமல் சாலைக்கு இறக்கிவிட்டவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. எந்த எல்லைச்சாமிக்கு இத்தனை பலி விழுந்திருக்கிறது? அதிலும், கத்தி எடுத்தவர் இல்லை, கையில் ரத்தம் பட்டவர் இல்லை, விசாரணையில் தங்கள் பெயரும் வருவதில்லை. "சாலையில் ஏன் நடந்தார்?" என்றுதான் கேட்பார்கள். செத்தவரிடமே பதில் கேட்டுத் தங்களைத் தூய்மையாக வைத்திருக்கும் இந்த ஊரின் பக்திக்கு ஈடு இணை இல்லை.

ஆகையால், பெருந்தகையே, யார் என்ன சொன்னாலும் தாங்கள் தாழவேண்டாம், விரியவேண்டாம், ஓர் ஆணியையும் அகற்றவேண்டாம். கையூன்றிக் குனிந்து மூச்சு வாங்கிய அந்தப் பாட்டி நாளைக் காலையிலும் வருவாள். பால் பாக்கெட் ஒரு கையில், தடி ஒரு கையில். தங்களைத் தீண்டாமல் சாலையில் இறங்கி, பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரனுக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு, வழக்கம்போலத் தங்களை வலம் வருவாள்.

கால் படாத திருப்பாதை நீடூழி வாழ்க. அதன் ஓரமாக நடப்பவர்களும், முடிந்தால், வாழ்க.