தொலைகாவல் இலக்கணம்: பெரம்பலூர் – அரியலூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஓரிடத்தில் மிஷின் ஓட, வேறிடத்தில் இருந்தபடி அதற்காகக் கவலைப்படுவது தொலைகாவல் எனப்படும். இத்துறைக்கு ஆதியாக மேனாட்டார் காட்டுவது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் காபிப் பானையை. 1991இல் அங்கிருந்த கணினித் துறையினர், காபி இருக்கிறதா என்று எழுந்துபோய்ப் பார்க்கச் சோம்பி, பானைக்கு எதிரே கேமரா வைத்தார்கள். 2001 வரை அது ஓடியது.

ஆதி என்பதில் நமக்கு உடன்பாடில்லை. செட்டிகுளத்துச் சின்ன வெங்காயக்காரர் கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்தபடியே, கிணற்று மோட்டார் தண்ணீரை இறைக்கிறதா, காற்றை இழுக்கிறதா என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். ஒரு பேஸ் போய் மோட்டார் உறுமினால், காயில் கருகுவதற்குள் எழுந்து ஓடவும் செய்வார். பானையைப் பார்த்தவர்கள் யாரும் ஓடியதாகச் சான்றில்லை. பிற்காலத்தில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் சிம் கார்டு குடியேறி, போனிலிருந்தே மோட்டாரை நிறுத்த வழிசெய்து, அந்த ஓட்டத்தையும் மிச்சப்படுத்தியது.

இம்மரபில் வந்த நான், பெரம்பலூர் வீட்டுக் கொட்டகையில் சிறிய சிஎன்சி ரூட்டர் ஒன்று, அதாவது கணினி சொன்னபடி மரம் குடையும் மிஷின், வைத்திருக்கிறேன். மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் மாவட்டத்து அரும்பாவூரில் உளியால் செய்வதை, நான் மிஷினில், அவர்கள் பார்த்தால் சிரிக்கும் தரத்தில் செய்கிறேன். வேலையோ அரியலூரில். எனவே பழைய போன் ஒன்றை அலமாரியில் சாய்த்துக் கேமராவாக்கி, காலையில் வாகைப் பலகையில் யாளியை ஓடவிட்டுப் பஸ் ஏறினேன்.

பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. கூடவே மோடமும் போனது. கேமரா கண்ணை மூடியது. கரண்ட் வந்தபோதுதான் நுட்பம். வயல் மோட்டாரை 'ஆட்டோ'வில் போடுவது உத்தமம்: கரண்ட் வந்ததும் தானே கிளம்பும். கொட்டகைக்கு அதுவே எமன். மரத்தைக் குடையும் பிட்டை நகர்த்தும் கன்ட்ரோலர் எல்லாம் மறந்து சும்மா நின்றது. பிட்டைச் சுழற்றும் மோட்டாருக்கோ வெறும் சுவிட்ச்தான். போட்டது போட்டபடி இருந்ததால் அது சுற்றத் தொடங்கிவிட்டது. யாளியின் மூக்கிலேயே நின்று சுற்றிச் சுற்றி மரத்தைக் கருக்கியது. சுற்றிலும் தூள். மோடம் விழித்துப் படம் வந்தபோது பிட் மட்டும் சுற்ற, மற்றதெல்லாம் அசையாமல், அழகாகத் தெரிந்தது. 'ஓடுகிறது' என்று மகிழ்ந்தேன்.

அப்போது பக்கத்து வீட்டு அத்தையின் போன்: "ஏம்ப்பா, கொட்டாயில என்னமோ கருகுற நாத்தம் வருது. மெயினை அணைச்சுட்டேன். சாப்டியா?"

கண்ணுக்கும் காதுக்கும் மேலே மூக்கு என்பது இவ்வாய்வின் முடிபு. அதன்பின் கொட்டகையில் புகைக்கு அலறி, போனுக்கும் சொல்லும் கருவி மாட்டினேன். கரண்ட் போய் வந்தால் கையால் பொத்தானை அழுத்தும்வரை எதுவும் கிளம்பாதபடி கான்டாக்டர் போட்டேன். மோடத்தை இன்வெர்ட்டருக்கு மாற்றினேன். மிஷினை ஓட்டும் முன்னரே தூளைக் கூட்டுகிறேன். கேமராவும் இருக்கிறது, பொழுதுபோக்குக்கு.

ஆனால் புகை என்று போனில் தெரிந்தாலும், அரியலூரிலிருந்து பஸ் பிடித்து நான் வந்து சேர ஒரு மணி நேரம். ஓடிப்போய் மெயினை அணைக்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். ஆகவே அத்தை வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டுமே மிஷின். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை திறப்பது வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான். அத்தை இரண்டையும் விடமாட்டார். அந்த இரண்டு நாளும் எங்கள் கொட்டகைக்கு நடை சாத்தல்.